வெள்ளம் உடைத்தது, நிர்வாகம் கைவிட்டது: குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், 1902–1926. ஒரு நிகழ்வு ஆய்வு

எந்த நிகழ்வு, ஏன்

தோட்டங்களுக்கென்று போடப்பட்ட நேரோ கேஜ் (குறுகிய தண்டவாள) ரயில்கள் மறைந்ததைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: லாரி வந்தது, ரயில் போனது. பல இடங்களில் அது உண்மைதான். மூணாறின் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலுக்கு அப்படி நடக்கவில்லை. அங்கே ரயில் நின்றபோது அதன் இடத்தைப் பிடிக்க லாரி தயாராக இல்லை. 1924-இல் வெள்ளம் பாதையைப் பெயர்த்துக்கொண்டு போனது. 1926-இல் அந்த வேலையைக் கம்பிவடம் (கம்பங்களுக்கு மேல் ஓடும் கம்பியில் சரக்கைத் தொங்கவிட்டு அனுப்பும் ரோப்வே) ஏற்றுக்கொண்டது. தண்டவாளத்தைத் திரும்பப் போடவே இல்லை.

பாதை எப்படி உடைந்தது என்பது எல்லோரும் சொல்லும் கதை. பதினாறு ஆண்டு ஓடிய ஒரு ரயிலை, அதற்கான தடமும் நிலையங்களும் பழகிய ஆட்களும் இருந்தும், ஏன் மறுபடி எழுப்பவில்லை என்பதுதான் இங்கே ஆராயப்படுகிறது. இன்றும் அந்த ரயிலை மீட்டெடுக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுவதால், அன்றைய முடிவின் கணக்கைத் தெரிந்துகொள்வது பயன்படும்.

முடிவெடுத்த நிர்வாகிகள், இன்ஜினியர்கள், சுமை தூக்கியவர்கள், வண்டிக்காரர்கள் எவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. கம்பெனிப் பெயரும் ஊர்ப் பெயர்களும் தோட்டம் தொடங்கிய காலத்துப் பெயர்களும் பொது வரலாற்றில் உள்ளவை; அவை அப்படியே இருக்கின்றன.

பின்னணி

1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து மூணாறைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். முதலில் காபி, சின்கோனா என்று பல பயிர்களை வைத்துப் பார்த்தார்கள். 1880-இல் பார்வதி எஸ்டேட்டில் தேயிலை வந்தது. மற்றவை கைகொடுக்காமல் போக, தேயிலை மட்டும் நின்றது. ஸ்காட்லாந்தின் ஃபின்லே குழுமம் தோட்டங்களை வாங்கிச் சேர்த்து, 1897-இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனியைத் தொடங்கியது.

நிலம் திருவிதாங்கூரில். ஆனால் மலையின் வாசல் தமிழ்நாட்டுப் பக்கம் இருந்தது. மேற்கே இறங்கினால் அடர்ந்த காடு, மழை, ஆறுகள். கிழக்கே இறங்கினால் செங்குத்தான சரிவு. ஆனால் சரிவின் அடியில் கொட்டகுடி, குரங்கணி, அங்கிருந்து சமவெளியில் போடிநாயக்கனூர். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கங்காணிகள் திரட்டிய தொழிலாளர்கள் அந்த வழியாகத்தான் நடந்து மலையேறினார்கள். அவர்கள் சாப்பிட்ட அரிசியும் அதே வழியில்தான் மேலே வந்தது. தேயிலை அதே வழியில் கீழே போனது.

தோட்டம் சிறிதாக இருந்தவரை தலைச்சுமையும் பொதிமாடும் கழுதையும் போதும். ஃபேக்டரிகள் எழ எழ நிலைமை மாறியது. தேயிலை உருட்டும் இயந்திரத்தையும் பாய்லரையும் தலைச்சுமையாகக் கொண்டுவர முடியாது. ஒவ்வொரு இரும்புச் சட்டத்தையும் பிரித்துத் தூக்கி மேலே வந்து பூட்ட வேண்டும். இன்னொரு பக்கம், வருடா வருடம் கூடிக்கொண்டே போகும் தேயிலைப் பெட்டிகள்.

1902: ஒற்றைத் தண்டவாளம்

முதலில் போட்டது இன்று நாம் நினைக்கும் ரயில் அல்ல. ஒரே ஒரு தண்டவாளம். யூயிங் முறை என்று பெயர். வண்டியின் சிறு சக்கரங்கள் அந்த ஒற்றைத் தண்டவாளத்தின்மேல் ஓடும். பாரத்தில் பெரும்பங்கு அதன்மேல்தான். வண்டி சாய்ந்துவிடாமல் இருக்க ஒரு பக்கம் பெரிய சக்கரம் ஒன்று தரையில் உருளும். இழுத்தவை மாடுகள். பின்னர் பட்டியாலா சமஸ்தானத்தில் இதே முறையில் ஒரு பாதை போட்டார்கள். அதன் வண்டி டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் இருப்பதால் அது பெயர் பெற்றது. மூணாறில் இருந்தது அதற்கு மூத்தது.

இந்தத் தேர்வு அன்றைய சூழலுக்குப் பொருத்தமானதே. மலைச்சரிவில் இரண்டு தண்டவாளங்களை ஒரே மட்டத்தில் பதிப்பதுதான் பெரும் செலவு. ஒன்றை மட்டும் பதித்தால் வெட்ட வேண்டிய மண் குறையும், இரும்பு பாதியாகும், வளைவுகளில் தொல்லை இல்லை. மாட்டுக்குத் தீவனம் அங்கேயே கிடைக்கும். தோட்டம் தன் வளர்ச்சியின் அளவு இன்னதென்று தெரியாத காலத்தில் குறைந்த பணத்தை முடக்கிப் பார்த்தது.

குறை என்ன? சாலை நன்றாக இருந்தால்தான் பக்கச் சக்கரம் உருளும். மூணாறு மழையில் மண்சாலை எப்படி இருக்கும் என்பது அங்கே ஒரு ஆடி மாதம் இருந்தவர்களுக்குத் தெரியும். அதோடு, மாட்டின் வேகமும் இழுவையும் ஓரளவுக்கு மேல் போகாது.

1908: இரண்டு அடிப் பாதை

ஆறே ஆண்டுகளில் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, இரண்டு அடி அகலத்தில் சரியான நேரோ கேஜ் பாதையைப் போட்டார்கள். சிறிய நீராவி எஞ்சின்கள் வந்தன. மூணாறில் தொடங்கி மாட்டுப்பட்டி, பாலாறு, குண்டளை என்று பள்ளத்தாக்கைப் பிடித்து ஏறி, மலையின் கிழக்கு விளிம்பில் டாப் ஸ்டேஷனில் முடிந்தது. இன்றைய சாலைக் கணக்கில் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

இரண்டு அடி என்பது அன்றைக்கு உலகம் முழுவதும் தோட்டக்காரர்கள் அறிந்த அளவு. 1870-களில் பாரிஸ் அருகே தன் பண்ணையில் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கைச் சேற்றிலிருந்து வெளியே கொண்டுவர டெகோவில் என்பவர் கையால் தூக்கி வைக்கக்கூடிய சிறு தண்டவாளச் சட்டங்களை உருவாக்கினார். அதன்பின் ஜாவாவின் கரும்புக் காடுகளிலிருந்து குயின்ஸ்லாந்து வரை இந்த வகைப் பாதைகள் பரவின. சிறு எஞ்சின், சிறு வண்டி, கூர்மையான வளைவு, மெல்லிய தண்டவாளம். மலையைக் குடையாமல் அதன் விலாவைச் சுற்றியே போய்விடலாம்.

பாதைக்குத் தேர்ந்தெடுத்த வழியை இங்கே கவனிக்க வேண்டும். மூணாறு என்பதே முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆறுகள் கூடும் இடம். மலை ரயிலுக்குச் சரிவு குறைவாக வேண்டும். சரிவு குறைவாகக் கிடைப்பது பள்ளத்தாக்கில்தான். எஞ்சினின் வசதிக்காகப் பாதை தண்ணீரின் வழியோடு சேர்ந்தே ஓடியது. 1908-இல் இதை யாரும் தவறென்று சொல்லியிருக்க மாட்டார்கள். வேறு வழியில் போட்டிருந்தால் அந்தச் சிறு எஞ்சின்களால் ஏறியிருக்கவே முடியாது.

ஒரு தேயிலைப் பெட்டி போன வழி

இந்த ரயிலின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரப் புரிந்துகொள்ள, ஒரே ஒரு பெட்டியைப் பின்தொடர்ந்து போனால் போதும்.

காலையில் பெண்கள் கிள்ளிய கொழுந்து கூடையில் எடை போடப்பட்டு ஃபேக்டரிக்குப் போகும். வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, காயவைத்து, சலித்துப் பிரித்தபின் நாலரைக் கிலோ கொழுந்து ஏறக்குறைய ஒரு கிலோ தூளாகும். அதை உலோகத் தாள் உள்ளே ஒட்டிய மரப்பெட்டியில் நிரப்பி, ஓரங்களில் தகடு அடித்து, பலகையில் எஸ்டேட் பெயர், தரம், எண் எல்லாவற்றையும் மை வைத்துக் குத்துவார்கள். ஒரு பெட்டி நாற்பத்தைந்து, ஐம்பது கிலோ வரை இருக்கும். ஒரு ஆள் முதுகில் தூக்கக்கூடிய அளவு. அதற்கு மேலே போனால் சிரமம்.

ஃபேக்டரியிலிருந்து மாட்டுவண்டியில் பக்கத்து ரயில் நிலையம். அங்கே இறக்கி ரயிலில் ஏற்று. டாப் ஸ்டேஷனில் இறக்கிக் கம்பிவடத்தில் தொங்கவிடு. ஐந்து கிலோமீட்டர் தூரம், ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். மேகத்துக்குள் நுழைந்து கொட்டகுடியில், அவர்கள் பாட்டம் ஸ்டேஷன் என்று அழைத்த இடத்தில், வந்து இறங்கும். அங்கே மறுபடி மாட்டுவண்டி; பதினைந்து கிலோமீட்டர் போடிக்கு. போடிக்கு அப்போது ரயில் கிடையாது. பெரியகுளம், வத்தலக்குண்டு வழியாக அம்மையநாயக்கனூர், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையம் வரை வண்டிப்பயணம். பிறகு மீட்டர் கேஜ் ரயிலில் மதுரை, தூத்துக்குடி. தூத்துக்குடியில் கப்பல் கரையோரம் வராது. தோணியில் ஏற்றிக் கடலில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

எத்தனை தடவை கைமாறுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கூலி உண்டு, காத்திருப்பு உண்டு, நனைந்துபோகும் ஆபத்து உண்டு. தேயிலைத் தூள் ஈரத்தையும் வாசனையையும் உடனே இழுத்துக்கொள்ளும் சரக்கு. பெட்டி ஒரு மூலையில் ஓட்டை விழுந்தால் லண்டன் ஏலத்தில் அதன் விலை போய்விடும்.

குண்டளை ரயில் இந்த நீண்ட சங்கிலியில் ஒரு கண்ணி. நல்ல கண்ணிதான்: மழையில் நனையாமல், மாட்டைவிட வேகமாக, பெரிய அளவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் அதற்கு முன்னாலும் மாட்டுவண்டி, பின்னாலும் மாட்டுவண்டி. மலைமேல் எஞ்சின் எவ்வளவு விரைந்து ஓடினாலும், ஒரு நாளில் கீழே இறங்கக்கூடியது கம்பிவடம் தாங்கும் அளவுதான். போடியிலிருந்து அம்மையநாயக்கனூர் போகக்கூடியது வண்டிகள் கிடைக்கும் அளவுதான். ரயிலின் முழுத் திறனையும் பயன்படுத்த அதன் இரு பக்கமும் விடவில்லை.

ஏறும் திசையில் வேறு கணக்கு. அரிசி, உப்பு, துணி, மண்ணெண்ணெய், இயந்திரப் பாகங்கள், தபால். தொடக்க ஆண்டுகளில் ஃபேக்டரி கட்டும் கனமான சரக்கு இதில் பெரும்பங்கு. ஃபேக்டரிகள் நிலைபெற்றபின் அந்தச் சரக்கு குறைந்து, அன்றாடத் தேவைப் பொருட்களே மிஞ்சியிருக்கும். முடிவைப் புரிந்துகொள்ள இந்த மாற்றம் முக்கியம் என்பது என் கணிப்பு. ஒரு தோட்ட ரயிலுக்கு மிகப் பெரிய வேலை இருப்பது தோட்டம் உருவாகிக்கொண்டிருக்கும்போது.

1924 ஜூலை

கொல்லம் ஆண்டு 1099, கர்க்கடக மாதம். அதனால்தான் கேரளத்தில் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்கிறார்கள். ஜூலை நடுவில் பிடித்த மழை மூன்று வாரம் போல் விடவில்லை. பெரியாறு முழுவதும் பெருகியது. மலையில் பெய்தது கீழே பெய்ததைவிட மோசம். சரிவுகள் பெயர்ந்தன. மண்ணும் மரமும் ஓடைகளை மறித்தன. தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்கியது. மூணாறு ஊர் நீரில் மூழ்கியது.

ரயில் பாதை பள்ளத்தாக்கில் இருந்தது. சில இடங்களில் அடிமண் அரித்துப் போனது, சில இடங்களில் மேலே மண் விழுந்து மூடியது, பாலங்கள் போயின. ஒட்டுப்போட்டு ஓட்டும் நிலையில் எதுவும் மிஞ்சவில்லை. மேற்குப் பக்கம் ஆலுவாவிலிருந்து பூயங்குட்டி, மாங்குளம் வழியாக மூணாறுக்கு வந்த பழைய சாலையும் அதே மழையில் அழிந்தது. ஒரே மாதத்தில் மலைக்குக் கிழக்கு வழியும் இல்லை, மேற்கு வழியும் இல்லை என்றானது.

எதுவும் மேலே வர முடியாத அந்த நாட்களில் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் எப்படிச் சமாளித்திருப்பார்கள் என்று யோசித்தால், பாதை உடைந்ததன் முழு அர்த்தம் விளங்கும். மேலே வந்த அரிசி முழுவதும் அந்த ஒரு வழியை நம்பியது.

முடிவும் அதன் கணக்கும்

நிர்வாகத்தின் முன் மூன்று வழிகள் இருந்தன. அதே தடத்தில் ரயிலைத் திரும்பப் போடுவது. கொஞ்சம் உயரமான தடத்தில் புதிதாகப் போடுவது. ரயிலை விட்டுவிட்டு வேறு ஏற்பாடு செய்வது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். 1926-இல் கம்பிவடம் ரயிலின் இடத்தைப் பிடித்தது.

முதல் வழியில் சிக்கல் வெளிப்படையானது. வெள்ளம் வரும் என்று தெரிந்த இடத்தில் மறுபடி பணத்தைக் கொட்டுவது. இரண்டாவது வழியில் தடம் உயர உயரச் சரிவும் வெட்டும் பாலமும் கூடும். 1908-இல் பள்ளத்தாக்கில் போட்டதற்கு என்ன காரணமோ அதே காரணம் இப்போது மேலே போடத் தடை.

இவை இரண்டும் இல்லாவிட்டாலும் முடிவு மாறியிருக்காது என்றே நினைக்கிறேன். காரணம் சரக்கின் எடை. கொழுந்து ஃபேக்டரிக்குள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடுகிறது. ஃபேக்டரியோ தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. எனவே ரயிலுக்கு வந்து சேர்வது எடை குறைந்த, விலை அதிகமான, மூன்று நாள் தாமதமானாலும் கெட்டுப்போகாத சரக்கு. அத்தகைய சரக்குக்கு முப்பது கிலோமீட்டர் தண்டவாளத்தை ஒவ்வொரு மழைக்குப் பின்னும் செப்பனிட்டு, எஞ்சினும் பணிமனையும் வைத்துக் காப்பது கட்டுப்படியாகாது. ஐம்பது கிலோப் பெட்டி கம்பிவடத்துக்கு அளவெடுத்துச் செய்தது போன்றது.

கம்பிவடம் தரையைத் தொடுவது கம்பங்கள் நிற்கும் இடத்தில் மட்டும். ஆறு பெருகினாலும் அது மேலே போய்க்கொண்டே இருக்கும். ஒரு கம்பம் சாய்ந்தால் ஒரு கம்பத்தை நிறுத்தினால் போதும். தண்டவாளத்தில் பத்து அடி போனாலும் முழுப் பாதையும் நின்றுவிடும். இறங்கும் பாரம் ஏறும் பாரத்துக்குக் கைகொடுப்பதால் எரிபொருளும் மிச்சம். டாப் ஸ்டேஷனுக்குக் கீழே ஏற்கெனவே அதை வைத்துப் பழகியவர்கள் இருந்தார்கள். தோட்டத்துத் தமிழில் அது "விஞ்சு".

இழந்தது என்ன? ஆள் ஏற முடியாது. கனமான இயந்திரம் ஏற முடியாது. தேயிலையைத் தவிர வேறு எதற்கும் அது பொது வழியாக இருக்காது. ஆனால் இது தனியார் பாதை. பயணிகளை ஏற்றிச் செல்லும் சட்டக் கடமை எதுவும் அதன்மேல் இல்லை. ஊருக்கு என்ன வேண்டும் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கம்பெனிக்கு என்ன கட்டுப்படியாகும் என்பது மட்டுமே கேள்வி. அந்தக் கேள்விக்கு அவர்கள் கண்ட பதில் சரியானதே. ஊருக்கு அது சரியா என்பது வேறு விஷயம். அதை அன்று யாரும் கேட்கவில்லை.

பின்னால் நடந்தது

இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது 1928. அந்த ஆண்டு மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை மீட்டர் கேஜ் ரயில் வந்தது. பதினைந்து கிலோமீட்டர் மாட்டுவண்டிப் பாதை மட்டும் இடையில் மிஞ்ச, தூத்துக்குடி வரை தண்டவாளம். குண்டளை ரயில் இருபது ஆண்டு காத்திருந்த இணைப்பு அதுதான். வந்தபோது வாங்கிக்கொள்ள மேலே ரயில் இல்லை.

அதே 1928 மே மாதம் கொச்சியில் புதிதாக ஆழப்படுத்திய உள்துறைமுகத்துக்குள் முதல் பெரிய கப்பல் நுழைந்தது. தோணி வைத்துக் கடலுக்குப் போக வேண்டிய தூத்துக்குடிக்கு மாற்றாக, உள்ளேயே கப்பல் வந்து நிற்கும் துறைமுகம் மலைக்கு மேற்கே உருவாகிவிட்டது. அழிந்த பழைய சாலைக்குப் பதில் நேரியமங்கலம், அடிமாலி வழியாகப் புதிய சாலை போட்டார்கள். 1935-இல் நேரியமங்கலத்தில் பெரியாற்றின்மேல் பாலம் திறந்தது. லாரி வந்தது இதற்குப் பிறகுதான். ரயிலோ அதற்குப் பத்தாண்டு முன்பே போய்விட்டது. 1947-இல் கொச்சியில் தேயிலை ஏலம் தொடங்கியபோது மூணாறின் முகம் முழுக்க மேற்கே திரும்பிவிட்டிருந்தது.

போடி ரயிலுக்கும் நல்ல காலம் நீடிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அதன் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள்; 1950-களில்தான் திரும்பப் போட்டார்கள்.

பள்ளத்தாக்கும் பழையபடி இல்லை. பள்ளிவாசல் மின் திட்டத்துக்காகக் குண்டளையிலும் மாட்டுப்பட்டியிலும் அணைகள் எழுந்தன. ரயில் தடத்தின் பெரும்பகுதி சாலையாகி, இன்று மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குப் போகும் ஜீப்புகள் அதன்மேல் ஓடுகின்றன. மூணாறு ரயில் நிலையக் கட்டடம் கம்பெனி அலுவலகமானது. கம்பெனியே கைமாறி டாடாவிடம் போய், 2005-இல் தொழிலாளர்களும் பங்கு வைத்திருக்கும் நிறுவனமானது. அந்த ரயிலிலிருந்து கண்ணால் பார்க்கக் கிடைப்பது, நல்லதண்ணித் தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய உருளை இயந்திரத்துக்கும் மின்நிலையச் சக்கரத்துக்கும் நடுவே வைத்திருக்கும் ஒரு எஞ்சின் சக்கரம். அளவில் சிறியது. "இதுவா மலையேறியது?" என்று குழந்தைகள் கேட்பது நியாயமே.

மற்ற இடங்களோடு வைத்துப் பார்த்தால்

இலங்கையில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கண்டப்பளை வழியாக இராகலை வரை இரண்டரை அடிப் பாதை ஒன்று 1904-இல் முழுமையடைந்தது. அதே தேயிலை, அதே மலை, அதே தமிழ்த் தொழிலாளர்கள். அது அரசாங்க ரயில், ஆளையும் ஏற்றியது. வெள்ளம் எதுவும் அதை அழிக்கவில்லை. பஸ்ஸும் லாரியும் வந்து, 1940-களில் தண்டவாளம் மறைந்தது. சரக்கு இலேசானது என்ற அதே அடிப்படைப் பிரச்சினை, வேறொரு வழியில் வெளிப்பட்டது என்று சொல்லலாம். பொதுப் பாதை என்பதால் கூடுதலாகச் சில ஆண்டு தாக்குப்பிடித்தது.

இங்கிலாந்தின் லிங்கன்ஷரில் உருளைக்கிழங்குப் பண்ணைக்காரர்கள் முதல் உலகப் போர் முடிந்ததும் பதுங்குகுழிகளுக்குச் சரக்குக் கொண்டுபோன 60 சென்டிமீட்டர் ரயில் பொருட்களை மலிவாக வாங்கி வயலில் போட்டார்கள். சேற்று நிலம், கனமான பயிர், கையில் கிடைத்த இலவசம் போன்ற இரும்பு. நாக்டன் பண்ணையை 1936-இல் ஒரு சிப்ஸ் கம்பெனியே வாங்கியது. அங்கே கூட நல்ல பண்ணைச் சாலைகளும் டிராக்டரும் வந்தபின் 1960-களின் இறுதியில் கடைசித் துண்டும் நின்றது.

பிழைத்தது யார்? கரும்பு. குயின்ஸ்லாந்தில் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் இரண்டு அடிப் பாதை இன்றும் வெட்டுக் காலத்தில் ஓடுகிறது. தென்னிந்தியர்களும் ஒப்பந்தக் கூலிகளாகப் போன பிஜித் தீவிலும் கரும்பு ரயில் இன்னும் முழுதாகச் சாகவில்லை. கரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் சர்க்கரை. மீதி ஒன்பது பங்கையும் ஆலைவரை சுமந்தே ஆக வேண்டும். வெட்டி ஒரு நாளுக்குள் பிழியாவிட்டால் இனிப்பு குறையும். சுமையும் அவசரமும் சேர்ந்த அந்தச் சரக்கு ஒரே ஆலையை நோக்கி ஓடுகிறது. ரயில் கேட்பது அதைத்தான். தேயிலையில் சுருக்கும் வேலை தோட்டத்துக்குள் முடிந்துவிடுகிறது; கரும்பில் அது ரயிலின் மறுமுனையில் நடக்கிறது. எந்தத் தோட்ட ரயில் செத்தது, எது தப்பியது என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது பயிர் எந்த இடத்தில் எடை இழக்கிறது என்பதை.

இன்று முடிவெடுப்பதானால் என்ன மாறும்

அன்று ரயிலைக் கைவிட்ட முடிவை நான் மாற்றமாட்டேன். கம்பிவடம் சரியான தேர்வு. மாற்றக்கூடியவை வேறு.

முதலாவது, ஒரே வழியை நம்பியிருந்தது. உணவும் சரக்கும் ஒரே பள்ளத்தாக்கில் ஒரே பாதையில் வந்தன. டாப் ஸ்டேஷன் பக்கம் அரிசிக் கிடங்கு ஒன்றும், மாட்டுப்பட்டிப் பக்கம் இன்னொன்றும் மழைக்காலத்துக்கு முன் நிரப்பி வைத்திருந்தால், வெள்ளத்தின் அடி பாதையோடு நின்றிருக்கும். இன்றைய மூணாறுக்கும் இது பொருந்தும். 2018 ஆகஸ்டில் பெரியவாரைப் பாலம் இடிந்து மறையூர்ச் சாலை துண்டிக்கப்பட்டபோது அதே நிலை. 2020-இல் பெட்டிமுடியில் இரவு நேர நிலச்சரிவில் லயங்கள் புதைந்து எழுபது பேர் இறந்தபோது, இந்த மலையில் யார் எந்தச் சரிவின் அடியில் குடியிருக்கிறார்கள் என்ற கேள்வி மறுபடி எழுந்தது. 1924-க்குப் பின் தேயிலைக்கு வெள்ளம் எட்டாத வழி கிடைத்துவிட்டது. தொழிலாளர் குடியிருப்பு அதே பள்ளத்தாக்குகளில்தான் தொடர்ந்தது.

இரண்டாவது, இணைப்பின் காலம். 1924-இல் முடிவெடுத்தவர்களுக்கு அடுத்த நாலு ஆண்டில் போடிக்கு ரயில் வரும் என்று தெரிந்திருந்தாலும் கணக்கு பெரிதாக மாறியிருக்காது என்பது என் எண்ணம். சரக்கின் எடை அப்படியேதான் இருந்திருக்கும். ஆனால் குரங்கணிக்கு இறங்கும் ஒரு வண்டிப்பாதையையாவது அப்போதே பொதுச் சாலையாக்கியிருக்கலாம். கம்பெனிக்கு அது தேவைப்படவில்லை. அரசுக்கு அது அடுத்த சமஸ்தானத்தின் எல்லை.

மூன்றாவது, மீட்டெடுக்கும் பேச்சைப் பற்றி. சுற்றுலாவுக்கென்று குண்டளை ரயிலைத் திரும்பப் போடலாம் என்கிறவர்கள் நீலகிரி ரயிலை உதாரணம் காட்டுகிறார்கள். நீலகிரி ரயில் நிற்காமல் ஓடிவந்த பொதுப் பாதை. தடம் அதன் கையில் இருக்கிறது. இங்கே தடத்தின்மேல் சாலை இருக்கிறது, சாலையை நம்பி எஸ்டேட் மக்களும் எல்லப்பட்டி, வட்டவடைக் காய்கறி விவசாயிகளும் இருக்கிறார்கள். ரயிலுக்கு இடம் கொடுக்கச் சாலையைக் குறுக்கினால் காரட்டும் முட்டைக்கோசும் எதில் போகும் என்பதற்கு முதலில் பதில் வேண்டும். சாலைக்குப் பக்கத்தில் புதுத் தடம் வெட்டினால் அதே சரிவுகள், அதே மழை.

இதைவிட நடைமுறையான பழைய தேவை ஒன்று இன்னும் தீராமல் இருக்கிறது. டாப் ஸ்டேஷன் தேனி மாவட்டத்தில் சேர்ந்தது. ஆனால் போடியிலிருந்து அங்கே போக வேண்டுமென்றால் போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாக மூணாறு போய், அங்கிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை சுற்றி வர வேண்டும். நூறு கிலோமீட்டர் போல் ஆகும். கம்பிவடம் இறங்கிய ஐந்து கிலோமீட்டர் சரிவில் இன்று இருப்பது குரங்கணியிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற மலைக் குடியிருப்பு வழியாக ஏறும் காட்டுப் பாதை மட்டும். குரங்கணி – டாப் ஸ்டேஷன் சாலை வேண்டும் என்பது அந்தப் பக்கத்து மக்களின் நீண்ட நாள் கோரிக்கை. வனத்துறை அனுமதியில் நிற்கிறது. போடிக்கு 2023 ஜூனில் அகலப்பாதை ரயில் வந்துவிட்டது. அங்கிருந்து மேலே போகும் வழியைத் திறப்பதா, காட்டை அப்படியே விடுவதா என்ற கேள்வியில் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதைத் தீர்மானிக்கும்போது தேயிலைப் பெட்டியைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. சென்ட்ரல் ஸ்டேஷனிலும் டாப் ஸ்டேஷனிலும் இன்னும் குடியிருப்பவர்கள் நோயாளியை எந்த வழியாக இறக்குகிறார்கள் என்பதை எடுக்க வேண்டும்.